நீ போனில் கேட்டது துப்பாக்கிச் சத்தம் அல்ல

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் தலைவலி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம். இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது, உடம்பில் எங்கேயும் புதிதாக ஓட்டை இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று உன் அத்தான் சொன்னார். மரியாதைக்கு விசாரித்ததில் சற்றுத் தள்ளிப்போய்விட்டது, மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, "தம்பி, அத்தான் துப்பாக்கி வாங்கியிருக்கார்டா" என்று நான் சொன்னது உண்மை. அடுத்த நொடி 'டப்' என்று சத்தம் கேட்டதும், நான் அலறியதும், போன் செத்துப்போனதும் உண்மை. ஆனால் அதையெல்லாம் கூட்டிக் கழித்து நீ போட்ட கணக்கு இருக்கிறதே, அது மட்டும் தப்பு. நீ கீழ்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் கதறியிருக்கிறாய். அவர் கையில் கிடைத்த குடையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து எங்கள் கதவை இடித்த இடியில் பக்கத்து வீட்டுக் கதவும் திறந்துகொண்டது. "உசிரோடதான் இருக்காங்க" என்று அவர் உன்னிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அந்த 'தான்' உன்னை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சை இணைத்தே காலம் தள்ளியவள் நான், போனின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். போனில் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது.

உன் அத்தான் எப்படிப்பட்டவர் என்று உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று சொல்லியே வேலைக்காலத்தை முடித்தவர், அதற்கு மேல் வீட்டில் பேசினால் அது எங்களுக்குக் கொண்டாட்டம். ஓய்வு பெற்றதும் பால்கனியில் மரவேலை ஆரம்பித்தார். முக்காலி செய்தார், சாவி மாட்டும் பலகை செய்தார். முக்காலி ஆடியது, ஆனால் உட்கார்ந்தால் தாங்கியது. வாசலுக்கு ஒரு செருப்பு அலமாரி ஆரம்பித்து, பக்கப் பலகைகளையும் தட்டுகளையும் பொருத்தி, முதுகுப் பலகை மட்டும் பாக்கி இருந்த நேரத்தில்தான் போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் தன் பாட்டுக்கு வேறு யாருடைய கையோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அவர் அதை, வேண்டாத விருந்தாளிக்குக் கை கொடுப்பது போல அமுக்குவார். அலமாரி முதுகில்லாமல் ஹாலிலேயே நின்றது. அதன் வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கும் உன் அத்தான் தெரிவார்.

ஒரு நாள் அவராகவே எழுந்து சுத்தியலை இடது கையில் எடுத்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஆணி அடிக்க இரண்டு கை வேண்டும் என்பதை அன்றுதான் யோசித்தேன். ஒரு கை அடிக்க, ஒரு கை ஆணியைப் பிடிக்க. வலது விரல்களுக்குள் ஆணி நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. துணி மாட்டும் கிளிப்பால் பிடித்துப் பார்த்தார். பிறகு நான், "நகருங்க, நான் பிடிக்கிறேன்" என்று என் விரலை நீட்டினேன். முதல் அடியே என் கட்டைவிரலில்தான். நகம் கறுத்தது, வலித்தது, அது போகட்டும். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லைடா. சுத்தியலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். "ஒரு தச்சரைக் கூப்பிட்டு முடிச்சிடலாமா?" என்று கேட்டேன். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு பல நாள் அவர் வாயிலிருந்து வந்தது 'ம்' மட்டும்தான்.

இந்த நிலையில் கீழ்வீட்டு டீச்சர் தன் சமையலறையில் புது அலமாரி பொருத்த ஆள் வைத்திருந்தார். கறிவேப்பிலை கேட்கப் போனவள் நான், கேட்காமலே நின்றுவிட்டேன். அந்த ஆள் ஏணி மேல் நின்றுகொண்டு ஒரு கையால் பலகையை மேலே தாங்கியிருந்தார். மறு கையில் பெரிய கொக்குத் தலை மாதிரி ஒரு சாதனம், அதன் வாலில் ஒரு நீளமான ரப்பர்க் குழாய். கொக்கின் மூக்கைப் பலகையில் வைத்தார், விரலை அசைத்தார், 'டப்'. அவ்வளவுதான். பலகை அங்கேயே நிற்கிறது! சுத்தியல் இல்லை, ஆணியைப் பிடிக்கும் விரல் இல்லை, இரண்டாவது அடி இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன், ஆணியின் தலைகூடத் தெரியவில்லை, எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. ஒற்றைக் கைடா, தம்பி! ஒற்றைக் கையால்! மாடிக்கு ஓடி, பல் விளக்கிக்கொண்டிருந்த மனுஷனை அப்படியே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். வாயில் நுரையோடு நின்று பார்த்தார். அந்த ஆள் ஒரு வரிசை முழுக்க அடித்து முடிக்கும் வரை பிரஷ் அசையவில்லை. பிறகு நுரையை விழுங்கிவிட்டு, "அது பேரு என்ன?" என்று கேட்டார். 'ம்' இல்லை, முழுசாக ஒரு கேள்வி! "பிராட் நெயிலர் சார், ஆணி அடிக்கிற துப்பாக்கி. காத்துல ஓடுது" என்றார் ஏணியில் இருந்தவர்.

மறுநாளே கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். ஆணி வாங்க வந்தவருக்கு வீட்டையே விற்றுவிடுவார் போல இருந்தது. முதலில் பேட்டரியில் ஓடும் ஒன்றை எடுத்து நீட்டினார். "குழாய் வேணாம், காத்தடிச்சு விடுற கம்ப்ரஸர் வேணாம், எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம் சார். இதுதான் இப்ப எல்லாரும் வாங்குறாங்க." உன் அத்தான் இடது கையில் வாங்கினார். பேட்டரி, மோட்டார் எல்லாம் அதன் உடம்புக்குள்ளேயே இருப்பதால் பூசணிக்காய் கனம். கை மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது, மேசை மேல் வைத்துவிட்டார். அவ்வளவுதான், இதோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "காத்துல ஓடுறதைக் காட்டுங்க" என்றார். அது கைக்கு வந்ததும் முகமே மாறிவிட்டது. பாரமெல்லாம் தரையில் கிடக்கும் கம்ப்ரஸருக்கு, கையில் இருப்பது வெறும் கொக்கு மட்டும். லேசாகச் சுழற்றிக்கூடப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததை நீ நம்பமாட்டாய். உன் அத்தான் கடைக்காரரோடு வாதாடினார். ஆணியின் தடிமனுக்கு நம்பர் இருக்கிறதாம். நம்பர் ஏற ஏற ஆணி ஒல்லியாகிறதாம். நான், "இதென்ன தலைகீழா இருக்கு?" என்றேன். உன் அத்தான் திரும்பி, "ஊசி மாதிரிதான். ஆஸ்பத்திரி ஊசியும் நம்பர் கூடினா ஒல்லி. ரொம்ப ஒல்லியா இருந்தா பலகையைப் பிடிச்சு வைக்காது, ரொம்பத் தடியா இருந்தா மெல்லிசுப் பலகை பிளந்துடும். நமக்குப் பதினெட்டு போதும்" என்றார். இதை அவர் எப்போது படித்தார், எங்கே படித்தார், எனக்குத் தெரியாது. கடைக்காரர் உற்சாகமாகி, "சார், இந்த மாடல் பாருங்க, விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மூக்கால தொட்டுக்கிட்டே போனா போதும், தொட்ட இடமெல்லாம் ஆணி. மழை மாதிரி அடிக்கும்" என்றார். உன் அத்தான், "எனக்கு மழை வேணாம். மூக்கை வச்சு அழுத்தணும், அப்புறம் விசையை இழுக்கணும், ஒரு இழுப்புக்கு ஒரு ஆணிதான் வரணும். கை நடுங்கி எங்கயாவது பட்டா எதுவும் நடக்கக் கூடாது" என்றார். "என் கை எனக்குத் தெரியும்" என்றும் சொன்னார். கடைக்காரர் உள்ளே போய் அந்த மாதிரியே ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றையும் எடுத்து வைத்து, "இது இல்லாம அடிக்காதீங்க சார், அம்மாவுக்கும் ஒண்ணு தரேன்" என்றார். நான் மிளகாய்ப் பொடிப் பாக்கெட்டுகள் அடுக்கிய அலமாரியைப் பார்ப்பது போல ஆணிப் பாக்கெட்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கினால் கடைக்காரர் என்ன நினைப்பார்?

சனிக்கிழமை காலை பிரதிஷ்டை. 'சத்தமே வராது, குழந்தை தூங்கும்' என்று சொல்லி விற்ற கம்ப்ரஸரை ஓடவிட்டதும், அது உறுமியதில் அடுப்படியில் தட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. காற்று நிறைந்ததும் தானாக நின்றது. அந்த அமைதி இருக்கிறதே, அது சத்தத்தைவிடப் பயமாக இருந்தது. முதலில் வேண்டாத பலகையில் அடித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பலகையைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். இரண்டு பேரும் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். மூக்கை வைத்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? பலகையைப் பார்த்து, "மூச்சை இழுங்க... அடக்குங்க..." என்றார். நான் நிஜமாகவே அடக்கினேன். 'டப்'. "விடுங்க." போய்ப் பார்த்தால் ஆணியைக் காணோம். ஓட்டை இருக்கிறது, ஆணி இல்லை. சோபாவுக்கு அடியில் தேடினோம், பாய்க்கு அடியில் தேடினோம். கடைசியில் பலகையைத் தூக்கப் போனால் அது வரவில்லை, பலகையோடு மேசையும் கூடவே எழுந்தது. காற்று அதிகம் வைத்துவிட்டோமாம், மெல்லிய பலகைக்கு அவ்வளவு வேகம் கூடாதாம். கம்ப்ரஸரின் திருகைத் திருப்பிக் காற்றைக் குறைத்தார், கொக்கின் மூக்கருகே இருந்த சின்னச் சக்கரத்தையும் திருப்பினார், மறுபடி அடித்தார். தலை மட்டும் மயிரிழை உள்ளே போய் அழகாக நின்றது. மேசையில் இன்றைக்கும் அந்தப் பலகை இருக்கிறது. அதன் மேல்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், கொஞ்சம் உயரமாக இருப்பது எனக்கு வசதிதான்.

அலமாரியைத் தரையில் படுக்க வைத்தோம். முதுகுப் பலகைக்கு விளிம்பெல்லாம் பசை தடவினார். "பசை எதுக்கு, அதான் ஆணி இருக்கே?" என்று கேட்டேன். "பிடிக்கப்போறது பசைதான். அது காயுற வரைக்கும் நகராமப் பார்த்துக்கிறதுதான் ஆணியோட வேலை" என்றார். நான் குனிந்து பலகையை அமுக்கிக்கொள்ள, அவர் முழங்காலிட்டு, மூச்சை இழுங்க, அடக்குங்க, டப், விடுங்க என்று ஒவ்வொன்றாக வந்தார். அழைப்பு மணி அடித்தது, பிசியோதெரபிப் பெண். கதவைத் திறக்க எழுந்தேன், எழ முடியவில்லை. என் சேலையின் ஓரத்தை அலமாரியோடு சேர்த்து அடித்துவிட்டிருக்கிறார்! குனிந்தபடியே, "திறந்துதான் இருக்கு, வாம்மா" என்றேன். அவள் வந்து பார்த்தது, அலமாரிக்குத் தலைவணங்கி நிற்கும் என்னையும், கையில் துப்பாக்கியோடு மண்டியிட்ட நோயாளியையும். வைத்த பையை மறுபடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். விஷயத்தைச் சொல்லி உட்கார வைக்கவே வெகு நேரம் ஆனது. பிறகு அவர் அடிப்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "சார், ஒரு கையாலதானே அடிக்கிறீங்க, அந்தக் கை சும்மாதானே இருக்கு. அதைக் குழாய் மேல வைங்க. குழாய் நகர்ந்தா நகர்த்துங்க, இழுத்தா இழுங்க" என்றாள். பந்தைப் பற்றி அன்று அவள் பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முந்தின நாள் பாக்கி வைத்த கடைசி ஓரம். நான் பக்கப் பலகையை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தேன், அவர் மூக்கை வைத்துவிட்டார், மூச்சை இழுத்தாகிவிட்டது. அப்போது உன் போன். "விடுங்க, தம்பிதான்" என்று கையை எடுத்துவிட்டு ஓடினேன். உன்னிடம் பெருமையாகத் துப்பாக்கி விஷயத்தை ஆரம்பித்தபடியே திரும்பிப் பார்க்கிறேன், அவர் அடித்தார். ஆணி நேராக உள்ளே போகவில்லைடா. மரத்துக்குள் ஓடும் ரேகையைப் பிடித்துக்கொண்டு வளைந்து, பக்கப் பலகையின் வெளிப்புறமாகப் பளிச்சென்று முனையை நீட்டியது. நான் விரல் வைத்திருந்த அதே இடம். சரியாக அதே இடம்! அலறியது அதற்குத்தான். போன் கையிலிருந்து விழுந்து உடைந்தது. உன் அத்தான் முதலில் என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார், இடது கையால் இல்லை, இரண்டு கையாலும். பிறகு குழாயைக் கழற்றிக் காற்றை நிறுத்திவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தார். வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். "இனிமே மனுஷக் கை கிட்ட வரக் கூடாது" என்றார். டீச்சர் குடையோடு வந்து சேர்ந்தது அப்போதுதான். நடந்ததைக் கேட்டதும் அவர் குடையை மூலையில் சாத்திவிட்டுக் கீழே போய், வேலையாளிடமிருந்து பலகையை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்ப் வாங்கிக்கொண்டு வந்தார். நீ அடிக்கடி வேளை கெட்ட வேளையில் போன் செய்கிறாய் என்று உன் அத்தானிடம் குறைப்பட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை இன்றோடு வாபஸ் வாங்குகிறேன்.

மீதி ஓரத்தைக் கிளாம்ப் பிடித்துக்கொண்டது. நானும் டீச்சரும் எட்ட நின்று பார்த்தோம். மண்டியிட்டு, நகர்ந்து, மறுபடி மண்டியிட்டு, ஒவ்வோர் ஆணியாக அவர் ஓரம் முழுக்கப் போனார். வலது கை குழாயைத் தள்ளிக்கொண்டே கூட வந்தது. ஒரு தடவை குழாய் அலமாரிக் காலில் சிக்கியது, அந்தக் கையே அதை எடுத்துவிட்டது. முடித்ததும், ஆணித் தலைகளின் குழியை அடைக்கக் பிசைந்த மாவு மாதிரி இருக்கும் மரப் பட்டியைக் கொஞ்சம் எடுத்தார். கொக்கை இடது கை இன்னும் பிடித்திருந்ததால் பட்டியை எந்த விரலால் வைத்தார் தெரியுமா? வலது ஆள்காட்டி விரலால். ஆணியைப் பிடிக்க முடியாத அதே விரல். ஒரு குழி, அடுத்த குழி, அடுத்த குழி. அழுத்துகிறார், வழிக்கிறார், நகர்கிறார். அவருக்கே தெரியவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்தார். சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். இரண்டு பேரும் அடுப்படிக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் பாத்திரங்களைக் கழுவினோம்.

இப்போது அலமாரி நிமிர்ந்து வாசலில் நிற்கிறது. தள்ளிப் பார்த்தேன், ஆடவில்லை. பசை காயட்டும், நாளைக் காலையில் செருப்பு அடுக்கலாம் என்றார். வேலை முடிந்தது, இனி கொக்கு பெட்டிக்குள் போகும், வீடு வீடாக இருக்கும் என்று நானும் அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ யார் யாரிடம் நாங்கள் சுட்டுக்கொண்டு செத்தோம் என்று சொன்னாயோ, அவர்கள் எல்லாரிடமும் ஒரு தடவை மறுத்துச் சொல்லிவிடு, முக்கியமாக உன் மாமனாரிடம். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குப் படிப்பும் பசியும் குறையாமல் இருக்கட்டும். உனக்கு என்ன வாழ்த்துச் சொல்ல? இதே மாதிரி நேரம் பார்த்துப் போன் செய்துகொண்டே நீடூழி வாழ்.

பத்து விரலும் பத்திரமாக உள்ள,
உன் அக்கா

பி.கு.: மேலே எழுதியதில் கடைசிப் பத்தியை நம்பாதே. இன்று காலை செருப்புகளை அடுக்கினோம். அடுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு செருப்பு தானாக இறங்கித் தரைக்கு வந்தது. எடுத்து வைத்தால் அதன் ஜோடி இறங்கியது. பிறகு எல்லாம் வரிசையாக, பள்ளி விட்ட மாதிரி வெளியே வந்தன. தட்டுகள் எல்லாம் பின்பக்கம் சரிவாக இருக்க வேண்டியவையாம். படுக்க வைத்தபோது முதுகு என்று நினைத்து நாங்கள் பலகை அடித்தது முன்பக்கத்தில், அதனால் சரிவு வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. பசை இரும்பாகக் காய்ந்துவிட்டது, பிரித்தால் எல்லாம் சேர்ந்து உடையும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர் அலமாரியைச் சுற்றி வந்து பார்த்தார், தரையில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. டீச்சர் மறுபடி குடையோடு வந்துவிட்டார். "இன்னொண்ணு செஞ்சிடலாம்" என்றார் உன் அத்தான். கொக்கு பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. உறையில் போட எடுத்தபோதுதான் பார்த்தேன், இந்த உறையின் பின்பக்கம் முழுக்க எண்கள். உன் விலாசத்தோடு குழப்பிக்கொள்ளாதே, அவை புது அலமாரிக்கான பலகை அளவுகள். இடது கையில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, அவசரத்துக்குக் கிடைத்த காகிதத்தில் மறு கையால் குறித்திருக்கிறார். எழுத்து கோணல்மாணலாக, ஏறி இறங்கி இருக்கும், படிக்கச் சிரமம். ஆனால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே, பத்திரமாக வை. அது என் கையெழுத்து இல்லை.